பைத்தான் மொழியும் அதன் செந்தர நூலகமும்: ரப்பர் கடைக் கணக்கிலிருந்து ஒரு மதிப்புரை

குலசேகரத்தில் என் சித்தப்பா நடத்தும் ரப்பர் ஷீட் கடையின் கொள்முதல் கணக்கு, 2014ஆம் ஆண்டு முதல் நான் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த ஒரு நிரலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்டதால் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு மொத்த வியாபாரிக்கும், மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன் வாங்கி விற்கும் ஒருவருக்கும் பிறகு எழுதிக் கொடுத்தேன். எடையையும் விலையையும் பெயரையும் தேதியையும் பிழையில்லாமல் எழுதிவைத்து, கேட்கும்போது கூட்டிச் சொல்ல வேண்டும். இந்த மூன்று நிரல்களின் வேலையும் அவ்வளவுதான். பைத்தானைப் பற்றிப் பொதுவாகப் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகள் செயற்கை நுண்ணறிவையும் தரவு ஆய்வையும் பற்றியே பேசுவதால், எனக்கு அவற்றால் பெரிய பயன் இருந்ததில்லை. நான் இங்கே எடைபோடுவது, மொழியோடு சேர்ந்து காசில்லாமல் வந்திறங்கும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான செந்தர நூலகத்தையும், அதைப் பராமரிப்பவர்கள் அதை நடத்தும் விதத்தையும்.

மொழியின் வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. கிடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆய்வு நிலையத்தில் 1989 இறுதியில் தொடங்கி, 1991இல் முதன்முதலாக வெளியிட்டார். சுமார் முப்பது ஆண்டுகள் இறுதிச் சொல் அவருடையதாகவே இருந்தது. ஒரு கூற்றுக்குள்ளேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் குறியைச் சேர்க்கலாமா என்று பெப் 572 (மொழியில் மாற்றம் கேட்டு எழுதும் முன்மொழிவுக்குப் பெப் என்று பெயர்) முன்மொழிவின்மேல் எழுந்த நீண்ட சர்ச்சைக்குப் பிறகு, 2018 ஜூலையில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல், மைய உருவாக்குநர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று முடிவுகளை எடுக்கிறது. ஒருவர் கையில் இருந்த கடை கூட்டுப் பொறுப்புக்கு மாறும்போது சரக்கின் தரம் குறையும் என்பதே எங்கள் பக்கத்து அனுபவம். இங்கே அப்படி நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 3.9 பதிப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மொத்தம் ஐந்து ஆண்டு பராமரிப்பு உண்டு, அதில் பின்பகுதி பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும். இந்தத் தேதிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள முடிவது, கடைக்காரரிடம் "அடுத்த வருசம் ஒரு நாள் வேலை இருக்கும், அண்ணாச்சி" என்று நேர்மையாகச் சொல்ல உதவுகிறது.

நூலகத்தின் கொள்கையை அதன் ஆக்குநர்கள் "பேட்டரியோடு வரும் பொருள்" என்ற உவமையால் சொல்வார்கள். வாங்கியவர் மறுபடி கடைக்கு ஓட வேண்டியதில்லை என்பது பொருள். இதன் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குலசேகரம், அருமனை பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் இணையம் இரண்டு நாள் வராமல் போவது வழக்கம். அப்படி ஒரு நாளில், பழைய கணினி பழுதாகி, பென் டிரைவில் வைத்திருந்த முப்பது எம்பிகூட இல்லாத நிறுவல் கோப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து எதையும் இறக்காமல், கடையின் முழுக் கணக்கையும் வேறொரு கணினியில் மறுபடி நடக்க வைத்தேன். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட், காற்புள்ளியால் பிரித்தெழுதும் பட்டியலுக்கு சிஎஸ்வி, பணத்துக்கு டெசிமல், திரையில் படிவத்துக்கு டிகின்டர் என நான் பயன்படுத்திய ஒவ்வொன்றும் நூலகத்துக்குள்ளேயே இருந்தது. வெளி மென்பொருள்களின்மேல் கட்டியிருந்தால் கம்பி ஒட்டும்வரை காத்திருந்திருப்பேன்.

டெசிமல் மாட்யூலை (நூலகத்தின் ஒவ்வோர் ஆயத்தப் பகுதியும் ஒரு மாட்யூல்) நான் விரும்பிப் போய்ச் சேர்ந்தவன் அல்லன், அடிபட்டுச் சேர்ந்தவன். முதல் ஆண்டில் எல்லாப் பணக் கணக்கையும் சாதாரணத் தசம எண்களில், அதாவது ஃப்ளோட்டில், போட்டிருந்தேன். ஒட்டுப்பால் கொண்டுவந்த ஒருவருக்கு 267 ரூபாய் 50 காசு. அதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் தரகு. சித்தப்பா நோட்டைத் திருப்பிக் காட்டினார். "மக்கா, நோட்டுல ரெண்டு ரூவா அறுபத்தெட்டு காசு வருது. உன் பெட்டி அறுபத்தேழுன்னு காட்டுது. ஆரு சொல்லது சரி?" என்றார். ஒரு காசை இன்று யாரும் கையில் தொடுவதில்லை என்றாலும், மாதக் கடைசியில் கணக்கு முடிப்பவருக்கு நோட்டும் பெட்டியும் ஒத்துவராதது பெரிய விஷயம்தான். 2.675 என்ற எண்ணை ஈரடிமான முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களில், மிகச்சரியாக எழுத முடியாது; கணினி வைத்திருக்கும் எண் அதைவிட மயிரிழை குறைவு. அதனால் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 2.67 என்றே வரும். இது பைத்தானின் குற்றம் அன்று, கிட்டத்தட்ட எல்லா மொழிகளும் ஒரே வன்பொருள் முறையைத்தான் பின்பற்றுகின்றன, குற்றம் என்னுடையது. ஆனால் இதற்கு மருந்து 2.4 பதிப்பு முதலே நூலகத்தில் இருந்திருக்கிறது. எண்ணைச் சரமாக, அதாவது மேற்கோளுக்குள் எழுத்துத் தொடராக, கொடுத்து டெசிமலாக்கி, பாதி வந்தால் மேலே ஏற்று என்ற விதியையும் வெளிப்படையாகச் சொன்னால், நோட்டும் பெட்டியும் ஒரே விடையைத் தரும். எண்ணைச் சரமாகக் கொடுப்பது முக்கியம். ஃப்ளோட்டாகக் கொடுத்தால் அந்த மயிரிழைக் குறையும் கூடவே வந்துவிடும். ஆவணத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

எஸ்கியூலைட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2.5 பதிப்பிலிருந்து நூலகத்தில் இருக்கிறது, கடையின் பத்து ஆண்டுக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கியிருக்கிறது, ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

சிஎஸ்வி அப்படியல்ல. ஆடிட்டருக்கு அனுப்பும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வெற்று வரி வந்தது. கோப்பைத் திறக்கும்போதே புதுவரிக் குறியை மாற்றாதே என்று சொல்ல வேண்டும் என்பது விண்டோஸில் வேலை செய்பவர் ஒவ்வொருவரும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்வது. அடுத்து, தமிழ்ப் பெயர்களை எழுதப் போனால் நிரலே பிழை சொல்லி நின்றது, ஏனென்றால் விண்டோஸில் கோப்பின் குறியாக்கம் இயல்பாக எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 அன்று. அதையும் சொல்லிக் கொடுத்த பிறகு எக்செல் அந்தக் கோப்பைத் திறந்து கொம்பும் காலும் இல்லாத கிறுக்கல்களாகக் காட்டியது. தொடக்கத்தில் ஓர் அடையாளக் குறியைச் சேர்க்கும் வகைக் குறியாக்கத்தைக் கொடுத்தபின்தான் பெயர்கள் பெயர்களாகத் தெரிந்தன. மூன்று தடைகளுக்கும் தீர்வு நூலகத்திலேயே இருக்கிறது. ஆனால் அவற்றைத் தெரியாத ஒருவர் முதல் நாளிலேயே கைவிட்டுப் போயிருப்பார். 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 இயல்பாகிவிடும் என்று பெப் 686 முடிவு செய்திருக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு இது தாமதமாக வரும் நியாயம்.

தமிழ் என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறிய கதையைப் பலர் ஒரு துன்பியலாகச் சொல்வார்கள். 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில், பழைய 2.7க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி முதல் நாளில். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் உலகமே இரண்டு வண்டிகளில் கால் வைத்து நின்றது. ஆனால் "கன்னியாகுமரி" என்ற ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். பைத்தான் 2இல் மேற்கோளுக்குள் அதை எழுதி நீளம் கேட்டால் 36 என்று வரும், ஏனென்றால் அது எண்ணியது பைட்டுகளை. பைத்தான் 3இல் 12 வரும், ஏனென்றால் அது யுனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது உலக எழுத்துகளின் பொது அட்டவணையில் தனி எண் பெற்ற எழுத்தையும் குறியையும், எண்ணுகிறது. முதல் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணினால் க, ன், னி, யா, கு, ம, ரி என ஏழு. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்த மாற்றம் வீண் வேலையாகத் தெரிந்திருக்கலாம்; 36 என்ற விடையோடு ரசீதில் பெயரை நடுவில் நிறுத்த முயன்றவனுக்கு அது விடுதலை. 12இலிருந்து ஏழுக்கு இறங்கும் வேலையை மட்டும் நூலகம் செய்து தருவதில்லை. அதற்கு ஓபன்-தமிழ் என்ற வெளி நூலகம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, ஆனால் இணையம் வேண்டும்.

இதைவிட வலிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு சரம் முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்கும் செயற்பாடு "குளச்சல்" என்ற சொல்லுக்கு இல்லை என்று பதில் சொல்லும், ஏனென்றால் உகரக் கொக்கியும் புள்ளியும் யுனிகோட் வகைப்பாட்டில் எழுத்துகள் அல்ல, ஒட்டுக் குறிகள். எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலில் சொல்லெழுத்துகளைத் தேடும் குறியைக் கொடுத்து அதே சொல்லைப் பிரித்தால் "க", "ளச", "சல" என்று மூன்று துண்டுகள் கைக்கு வரும். குளச்சல்காரர் ஒருவரிடம் இதைக் காட்டினால் சிரிக்க மாட்டார். விதிப்படி நூலகம் தவறு செய்யவில்லை என்று வாதிடலாம். அந்த விதியை எழுதியபோது மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாகும் மொழிகளை நினைத்துப் பார்க்கவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

அகரவரிசையும் அப்படித்தான். கடையின் வாடிக்கையாளர்களை ஊர்வாரியாக அடுக்கியபோது குலசேகரம், குளச்சல், குழித்துறை என்று வந்தது. தமிழ் வரிசையில் ல, வ, ழ, ள என்பதால் குழித்துறைதான் குளச்சலுக்கு முன்னால் வர வேண்டும். யுனிகோட் அட்டவணையில் ளகரம் ழகரத்துக்கு முன் இருப்பதால் பைத்தான் அதையே பின்பற்றுகிறது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதும், னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். சித்தப்பா பட்டியலைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல இப்படியா படிச்சே?" என்று கேட்டார். நூலகத்தில் மொழிவாரி ஒழுங்குக்கு ஒரு மாட்யூல் இருக்கிறது, ஆனால் அது இயக்குதளம் என்ன சொல்கிறதோ அதையே சொல்லும். கணினிக்குக் கணினி விடை மாறினால் கடைக் கணக்குக்கு உதவாது. கடைசியில் பதினெட்டு மெய்யையும் நம் வரிசையில் ஒரு சரமாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அந்தச் சரத்தில் என்ன இடம் என்று கேட்கும் பத்து வரி நிரலை நானே எழுதினேன். அடுக்கும் செயற்பாடு எந்த ஒழுங்குமுறையையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதால் இது இவ்வளவு எளிதாக முடிந்தது. 2002இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய அந்த அடுக்குமுறைக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: சமமாக இருப்பவற்றின் முன்வரிசையைக் கலைக்காது. தோவாளைக்காரருக்கு முதலில் பெயரால் அடுக்கி, பிறகு பிச்சியா மல்லிகையா அரளியா என்று பூவால் அடுக்கினால், ஒவ்வொரு பூவுக்குள்ளும் பெயர்வரிசை அப்படியே நிற்கும்.

நூலகத்தைப் பெருக்குவது எளிது, குறைப்பதுதான் கடினம். இந்த மொழியின் பராமரிப்பாளர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடியது அவர்கள் கழித்துக்கட்டியதைப் பார்த்துத்தான் என்றாலும், அந்தக் கழிப்பில் நானும் ஒருமுறை மாட்டினேன். பெப் 594 முன்மொழிவின்படி, பயன்பாடு குறைந்த, பராமரிக்க ஆளில்லாத 19 மாட்யூல்கள் 3.13 பதிப்பில், 2024 அக்டோபரில், நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, இணையப் படிவத்தில் நிரப்பியதை வாங்கிக் கொடுக்கும் சிஜிஐ. தேன் வியாபாரியின் இணையதளத்தில் ஆர்டர் எடுக்கும் படிவத்தை நான் அதில்தான் எழுதியிருந்தேன். இடம் வாடகைக்குத் தந்த நிறுவனம் ஒரு நாள் இரவில் பதிப்பை உயர்த்திவிட்டது. காலையில் அவர் அழைத்து, "படிவம் வெள்ளையா கெடக்கு தம்பி" என்றார். நியாயமாகப் பார்த்தால் 3.11 முதலே இது போகப்போகிறது என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நான் எச்சரிக்கைகளை அடக்கி வைத்திருந்தேன். பழைய மாட்யூலை வெளியில் தனிப் பொதியாக ஒருவர் எடுத்து வைத்திருந்ததால் அன்று பிழைத்தேன், அந்த வாரமே வேறு முறையில் எழுதினேன். யாரும் பார்த்துக்கொள்ளாத மாட்யூல் பாதுகாப்பு ஓட்டைகளின் கூடாரமாகும் என்பதால் அவர்கள் செய்தது சரி. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

பழைய இயக்குதளங்களைக் கைவிடுவதிலும் இதே கண்டிப்பு உண்டு. சித்தப்பா கடையில் விண்டோஸ் 7 ஓடும் கணினிதான் இருந்தது. அதில் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு 3.8, அதன் பராமரிப்பும் 2024இல் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டே கைவிட்ட ஒன்றை இவர்கள் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் கணினி மாற்றுவது என்பது கூரை மாற்றுவது போல. கசியாதவரை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

குறைகள் இன்னும் உண்டு. நூலகம் ஒரே கையால் எழுதப்பட்டதல்ல என்பது பெயர்களிலேயே தெரியும்: பரிசோதனைக்கும் பதிவுக்குறிப்புக்கும் உள்ள மாட்யூல்கள் ஜாவா வழக்கத்தைப் பின்பற்றிச் சொற்களை ஒட்டியே எழுத, மற்றவை அடிக்கோடிட்டுப் பிரிக்கின்றன. இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க நூலகத்தில் இருக்கும் மாட்யூலின் ஆவணமே, வசதி வேண்டுமானால் ரிக்வெஸ்ட்ஸ் என்ற வெளிப் பொதியைப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைக்கிறது. இதை நேர்மை என்று எடுத்துக்கொள்கிறேன். 3.9இல் வந்த நேரவலய மாட்யூல் நல்ல வரவு, ஆனால் விண்டோஸில் ஆசியா/கொல்கத்தா என்று கேட்டால் தரவு இல்லை என்று கைவிரிக்கும், அதை வெளியிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். பேட்டரியோடு வரும் பொருள் என்றார்களே என்று தோன்றாமல் இல்லை. வெளிப் பொதிகளை நிறுவுவது ஒரு தனிப் படிப்பு; உபுண்டு இயக்குதளத்தின் புதிய பதிப்பில் நேரடியாக நிறுவப் போனால் இது இயக்குதளம் நிர்வகிக்கும் இடம், தனிச் சூழலை உருவாக்கிக்கொள் என்று தடுக்கிறது. தடுப்பதற்குக் காரணம் உண்டு, ஆனால் புதிதாகக் கற்பவர் அந்தச் செய்தியின் முன் திகைத்து நிற்பதை நாகர்கோவிலில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வேகத்தைப் பற்றிய குறையை நான் சொல்ல மாட்டேன். தராசில் ஷீட்டை வைத்து இறக்கும் நேரத்துக்குள் எந்தப் பதிப்பும் கணக்குப் போட்டுவிடும்.

பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை உள்ளிருந்து பார்த்தேன். ஆவணத்தில் ஓர் எடுத்துக்காட்டில் சிறு பிழை கண்டு, இரண்டு வரித் திருத்தம் ஒன்றை அனுப்பினேன். 2017 முதல் மூலநிரல், பலர் கூடி நிரல் எழுதும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது, 2022 முதல் பிழைப் பதிவுகளும் அங்கேயே. உரிமை ஒப்பந்தத்தில் கையொப்பமிடு என்று ஒரு தானியங்கி கேட்டது. ஆவணத் திருத்தம் என்பதால் செய்திக் குறிப்பு தேவையில்லை என்று குறியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவர் என் வாக்கியத்தின் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், அந்த மாற்றம் சரியாகவும் இருந்தது. சேர்த்துக்கொண்ட சில நிமிடங்களில் இன்னொரு தானியங்கி அதே திருத்தத்தைப் பராமரிப்பிலுள்ள முந்தைய பதிப்புகளுக்கும் கொண்டுபோனது. காசு வாங்கி மென்பொருள் விற்ற ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய பிழையை எழுதிவிட்டு ஒன்றரை ஆண்டு பதிலுக்குக் காத்திருந்தவன் நான் என்பதால், அந்த மாலை நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

கடைக்கணக்கு, பள்ளிக்கூடப் பதிவேடு, கோயில் வரவு செலவு போன்ற வேலைகளுக்கு இந்த மொழியையும் நூலகத்தையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தமிழ்ச் சொற்களை வெட்டியும் அடுக்கியும் ஆராய வேண்டியவர்கள், நூலகத்துக்கு வெளியே பாதி வேலை காத்திருக்கிறது என்று தெரிந்தே தொடங்க வேண்டும்.

சித்தப்பா ஒருவழியாகப் புதுக் கணினி வாங்கிவிட்டார். 3.8இலிருந்து நேராக 3.14க்குத் தாண்டுவதால், இந்த முறை எச்சரிக்கைகளை அடக்காமல், ஒவ்வோர் எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள் என்ற விருப்பத்தோடு நிரலை ஓட்டினேன். இரண்டு இடங்களில் நின்றது: நேரவலயம் சொல்லாமல் நேரம் கேட்கும் பழைய செயற்பாட்டில் ஒன்று, எஸ்கியூலைட்டில் தேதியைத் தானாக மாற்றித்தரும் பழைய வசதியில் மற்றொன்று. இரண்டும் 3.12 முதல் விலக்கத் தொடங்கியவை. திருத்த ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. எல்லாம் முடிந்து கணினியைத் திருப்பி வைத்தபோது, சித்தப்பா முதலில் போடச் சொன்ன கணக்கு 267 ரூபாய் 50 காசுக்கு நூற்றுக்கு ஒன்று.